டூலி மூடுபனி: கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் குளிர்காலத்தைக் கழிப்பது எப்படி

ஒரு பெண் கேட்ட கேள்வி இதுதான்: அவர் குடும்பம் ஜனவரியில் சான் ஹோசேயிலிருந்து நடுப்பள்ளத்தாக்கில் இருக்கும் வைசேலியாவுக்கு வீடு மாறுகிறது. கணவருக்கு ஆரஞ்சு பேக்கிங் ஹவுஸில் தரப் பரிசோதனை வேலை, இரண்டு பிள்ளைகள் பள்ளியில். டூலி மூடுபனி எனப்படும் அந்தப் பக்கத்து மூடுபனியைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வண்டி ஓட்டுவது, பள்ளி, வேலை, வீடு எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது?

பயமுறுத்துகிறவர்கள் மிகைப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: இந்த மூடுபனி பெரும்பாலும் நேரம் பார்த்து வரும், நேரம் பார்த்துப் போகும். விடியலுக்குச் சில மணி நேரம் முன்பிருந்து காலை 9, 10 மணி வரைதான் மிக அடர்த்தி. 11 மணி வாக்கில் தரையிலிருந்து மேலெழும்பும், மாலை இருட்டியதும் மறுபடி இறங்கத் தொடங்கும். அதனால் நல்ல விளக்கு, நல்ல டயர், நிதானமான வேகம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு புறப்படும் நேரத்தைத் தள்ளிப்போடுவது. அந்த ஊரில் பல வருடம் இருந்தவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் இது எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இரவு வரும் என்று நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம். நடுப்பள்ளத்தாக்கு வடக்கு தெற்காகச் சுமார் 450 மைல் நீளம். கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைத்தொடர், தெற்கே டெஹாச்சபி. ஃப்ரெஸ்னோ, வைசேலியா, பேக்கர்ஸ்ஃபீல்ட் இருக்கும் தென்பகுதி மூன்று பக்கமும் அடைத்த கிண்ணம் மாதிரி. நவம்பரில் முதல் நல்ல மழை பெய்து மண் நனைகிறது. மழை போனபின் உயர் காற்றழுத்தம் வந்து உட்கார்கிறது. வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது, இரவு நீளம். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது, அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து திவலையாகிறது. மேலே ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கு மூடி போல நிற்பதால் குளிர்ந்த காற்று எங்கும் போக வழியில்லை. டிசம்பர், ஜனவரி வெயிலுக்கு இந்த மூடியைக் கிளப்பும் பலம் கிடையாது. புதிதாக ஒரு புயல் காற்று வந்து கலக்கினால்தான் முழுதாகக் கலையும். அதுவரை சில நாள், சில சமயம் வாரக்கணக்கில்கூட, பகலில் மேலே ஏறிச் சாம்பல் நிறக் கூரையாக நிற்பதும் இரவில் தரைக்கு இறங்குவதுமாக இருக்கும்.

மூடுபனியின் பெயரில் வரும் டூலி என்பது அந்தப் பள்ளத்தாக்கின் சதுப்புகளில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற ஒரு புல். நம்முடைய பாய்க் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே இருந்த டூலேரி ஏரி, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரியாக ஒரு காலத்தில் இருந்தது. விவசாயத்துக்காக வற்றடிக்கப்பட்டது, 2023 வெள்ளத்தில் மறுபடி தலைகாட்டியது. நீங்கள் போய்ச் சேரும் டூலேரி கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி) பெயரும் அந்தக் கோரையிலிருந்து வந்ததுதான்.

முன்கூட்டிக் கணிப்பதற்கு: மாலை சூரியன் மறையும் நேரத்தில் வெப்பநிலையையும் பனிப்புள்ளியையும் (காற்றின் ஈரம் திவலையாகத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்து, காற்று மணிக்கு 5 மைலுக்குள், வானம் தெளிவாக இருந்தால், மறுநாள் காலை மூடுபனி என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். மழை விட்ட முதல், இரண்டாம் இரவுகளுக்கு இது இன்னும் பொருந்தும். தேசிய வானிலைச் சேவையின் ஹேன்ஃபோர்ட் அலுவலகம் உங்கள் பகுதிக்கு எச்சரிக்கை விடும். பார்வைத் தூரம் கால் மைலுக்கும் கீழே போகும் என்றால் அடர் மூடுபனி அறிவிப்பு வரும். கால் மைல் என்பது 400 மீட்டர்; அது கெட்ட நிலைமையின் தொடக்கம்தான். டூலி மூடுபனி உச்சத்தில் இருக்கும்போது பானெட்டின் முனைக்கு அப்பால் எதுவும் தெரியாது.

இனி வண்டி. இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும்.

மூடுபனியில் ஆள் சாவது வெறும் வேகத்தால் அல்ல, நின்றுபோன வண்டியால். 2007 நவம்பர் 3 காலை, ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே 99ஆம் நெடுஞ்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. இரண்டு பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட தொடர் மோதல்களின் அமைப்பு எப்போதும் ஒன்றுதான். பரவாயில்லை என்று தோன்றும் அளவு மெல்லிய மூட்டத்தில் எல்லோரும் வேகமாகப் போகிறார்கள், திடீரென்று ஒரு அடர்ந்த திட்டு வருகிறது, முன்னால் போனவர் பயந்து பிரேக்கை மிதிக்கிறார், பின்னால் வந்தவருக்கு அவரைப் பார்த்தபின் நிற்க இடமில்லை. அதனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எனக்குத் தெரிகிற தூரத்துக்குள் என்னால் முழுதாக நிற்க முடியுமா?

தெரிகிற தூரத்தை அளக்க ரோட்டிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. கலிஃபோர்னியா ஃப்ரீவேயில் லேன்களைப் பிரிக்கும் விட்டு விட்டு வரும் வெள்ளைக் கோடு 12 அடி நீளம், அதற்கு அடுத்த இடைவெளி 36 அடி. ஆக ஒரு கோட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை 48 அடி. முன்னால் எத்தனை கோடு தெரிகிறது என்று எண்ணி 48ஆல் பெருக்குங்கள்.

நிற்கத் தேவையான தூரம் இரண்டு பங்கு: மூளை பார்த்து, கால் பிரேக்குக்குப் போகும் ஒன்றரை நொடியில் ஓடும் தூரம், அதன்பின் ஈரத் தரையில் பிரேக் பிடிக்கும் தூரம். கூட்டிப் பார்த்தால் மணிக்கு 15 மைலில் சுமார் 48 அடி, 25 மைலில் 97 அடி, 40 மைலில் 195 அடி, 55 மைலில் 323 அடி, 65 மைலில் 425 அடி. கோட்டுக் கணக்கில் வைத்தால் நினைவில் நிற்கும்: ஒரு கோடு தெரிந்தால் 15, இரண்டு தெரிந்தால் 25, நான்கு தெரிந்தால் 40, ஏழு தெரிந்தால் 55. ஒன்பது கோடு தெரியாத எந்த நேரத்திலும் 65இல் போகக் கூடாது. இவை நல்ல டயருக்கும் விழிப்பான ஓட்டுநருக்கும் உச்ச வரம்பு. டயர் தேய்ந்திருந்தாலோ பாரம் ஏற்றியிருந்தாலோ ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு கோடுகூட முழுதாகத் தெரியவில்லை என்றால் அது ஓட்டும் நேரமே அல்ல. பக்கத்தில் எதுவும் நகர்வது தெரியாத வெண்மையில் வேகத்தைப் பற்றி உடம்பு சொல்வது நம்பத் தகுந்ததல்ல, அதனால் ஸ்பீடோமீட்டரை அடிக்கடி பாருங்கள்.

விளக்கில் பலரும் தவறுகிற இடம் ஒன்று. பகல் மூடுபனி வெளிச்சமாகத்தான் இருக்கும். ஹெட்லைட் ஸ்விட்ச் ஆட்டோவில் இருந்தால் சென்சார் அதைப் பகல் என்று எடுத்துக்கொண்டு ஹெட்லைட்டைப் போடாது. முன்னால் பகலில் தானாக எரியும் பகல் விளக்கைப் பார்த்து நாம் விளக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் பல வண்டிகளில் பகல் விளக்கோடு பின்விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு உங்கள் வண்டியே இல்லை. ஆகவே ஆட்டோவை நம்பாமல் கையால் லோ பீமுக்குத் திருப்புங்கள், புறப்படும் முன் ஒருமுறை இறங்கிப் பின்விளக்கைக் கண்ணால் பாருங்கள். 1,000 அடிக்குள் பார்வை குறைந்தால் ஹெட்லைட் போட வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டமும்கூட. ஹை பீம் வேண்டாம்: அந்த ஒளி திவலைகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைச் சுவராக நிற்கும். வண்டியில் ஃபாக் லேம்ப் இருந்தால் லோ பீமோடு சேர்த்துப் போடலாம். அது ரோட்டின் ஓரத்தைக் காட்டும், தூரத்தைக் காட்டாது.

கண்ணாடி வெளியே நனைகிறதா, உள்ளே வியர்க்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். வெளியே என்றால் வைப்பர். உள்ளே என்றால் டீஃப்ராஸ்ட், ஏசி, ஹீட்டர் மூன்றும் சேர்த்து, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து. ஏசி ஈரத்தைப் பிழியும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். தானாக பிரேக் பிடிக்கும் வசதியை நம்பிப் போக வேண்டாம், அதன் கேமராவுக்கும் நம் கண்ணுக்குத் தெரியாதது தெரியாது.

முன்னால் போகும் டிரக்கின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவது சுகமாகத் தோன்றும். அது ஆபத்து. தரையை ஒட்டிய மெல்லிய மூட்டத்தில் டிரக் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் உங்களைவிடத் தூரம் பார்க்கிறார், அதனால் உங்கள் பார்வைக்குப் பொருந்தாத வேகத்தில் போகிறார். அந்த விளக்கு கண்ணை விட்டுப் போகக் கூடாதென்று நெருங்கினால், அவர் நிற்கும்போது உங்களுக்கு இடமிருக்காது. விளக்கு மறைந்தால் மறையட்டும், வலது ஓரத்து வெள்ளைக் கோட்டை வழிகாட்டியாக வையுங்கள்.

ஃப்ரீவேயைவிட கவுண்டி ரோடுகளில் இன்னும் கவனம் தேவை. டூலேரி கவுண்டி சதுரங்கக் கட்டம் மாதிரி ரோடுகளும் அவென்யூக்களும் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஊர். பல சந்திகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் ஸ்டாப் பலகை; குறுக்கே வருகிறவர் நிற்கத் தேவையில்லை. அங்கே நின்றதும் ரேடியோவை அணைத்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கி, காது கொடுத்துக் கேளுங்கள். வண்டி தெரிவதற்கு முன்பே டயர் சத்தம் கேட்கும். இடதுபக்கம் திரும்பிப் பெரிய ரோட்டைக் கடப்பதைத் தவிர்த்து, வலது திரும்பி, சிக்னல் உள்ள இடத்தில் சுற்றிக்கொண்டு வாருங்கள். இரண்டு மைல் கூடினால் கூடட்டும்.

வழியில் மாட்டிக்கொண்டால்: லேனில் ஒருபோதும் நிற்காதீர்கள். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பெட்ரோல் பங்க் அல்லது கடையின் பார்க்கிங்கில் காத்திருங்கள். ஓரத்தில்தான் நிறுத்த முடியும் என்றால், ரோட்டை விட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, விளக்கை எல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கை அணைப்பதா என்று தோன்றும். ஆனால் பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, ரோடு அந்தப் பக்கம் போகிறது என்று நினைத்து நேரே உங்கள்மேல் வருவார். பிறகு வண்டியை விட்டு இறங்கி விலகிப் போய்விடுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையான கால்ட்ரான்ஸ் சொல்வதும் இதுவே.

மோதல் நடந்துவிட்டால் முதல் இடியைவிட அடுத்தடுத்து வரும் இடிகள்தான் பயங்கரம். வண்டி நகர்ந்தால் உடனே ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நகரவில்லை, வலது ஓரம் அருகிலேயே இருக்கிறது, வண்டி வரும் சத்தமில்லை என்றால் இறங்கி வேலிக்கு அப்பால் போங்கள். நடு லேனில் இருந்தால் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து 911 அழையுங்கள். சேதத்தைப் பார்க்கவோ போட்டோ எடுக்கவோ இரண்டு வண்டிக்கு நடுவில் நிற்கவே கூடாது.

2007 விபத்துக்குப் பிறகு கால்ட்ரான்ஸ் ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே 99இல் சுமார் 13 மைலுக்குப் பார்வைத் தூர சென்சார்களும் மின்னணு எச்சரிக்கைப் பலகைகளும் வைத்தது. பலகை சொல்லும் வேகத்துக்கு அப்படியே குறையுங்கள், அது உங்களுக்கு இன்னும் தெரியாததைப் பார்த்துச் சொல்கிறது. மிக மோசமான காலைகளில் நெடுஞ்சாலைக் காவல் துறையின் கார் முன்னால் மெதுவாகப் போய் மொத்தப் போக்குவரத்தையும் தன் பின்னால் அழைத்துச் செல்லும். அதைத் தாண்டக் கூடாது. கிளம்பும் முன் கால்ட்ரான்ஸின் குயிக்மேப் செயலியில் ரோட்டோரக் கேமராக்களைப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

பள்ளிக்கு அங்கே ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. பார்வை 200 அடிக்குக் குறைந்தால் பள்ளிப் பேருந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வைத்திருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியச் சட்டம் சொல்கிறது. பல மாவட்டங்களில் இதற்கு பிளான் ஏ, பி, சி என்று பெயர்: ஏ என்றால் பேருந்து 2 மணி நேரம் தாமதம், பி என்றால் 3 மணி, சி என்றால் காலைப் பேருந்து ரத்து. விடியற்காலையிலேயே டிவியிலும் மாவட்டத்தின் குறுஞ்செய்தியிலும் வரும். சேர்க்கும் நாளிலேயே இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள்: தாமதம் பேருந்துக்கு மட்டுமா வகுப்புக்கும் சேர்த்தா, தாமதமாக வந்தால் வருகைப் பதிவு என்ன ஆகும். பேருந்தே நின்றுவிட்ட காலையில், நேரத்துக்குப் போயே ஆக வேண்டுமென்று உங்கள் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவதில் அர்த்தமில்லை.

உங்கள் கணவரின் வேலைக்கு இந்த மூடுபனி நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நேவல் என்ற வகை ஆரஞ்சின் அறுவடை குளிர்காலத்தில்தான். மூடுபனிக் காலையில் பழம் வெளியே நனைந்திருப்பதோடு, தோல் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். தோலில் ஊசிமுனை அளவில் எண்ணெய்ப் பைகள் நெருக்கமாக இருக்கின்றன. விறைத்த தோலில் விரல் அழுத்தினாலே, காம்பு வெட்டும் கிளிப்பர் உரசினாலே, பையில் பழத்தோடு பழம் மோதினாலே அவை உடையும். வெளிவரும் எண்ணெய் பக்கத்துத் தோல் செல்களைக் கொல்கிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் அந்த இடம் அமுங்கி, எண்ணெய்ப் பைகள் மட்டும் மேடாகத் துருத்திக்கொண்டு நிற்க, பழுப்பு நிறம் ஏறும். இதற்கு ஒலியோசெல்லோசிஸ் என்று பெயர், தோப்பில் ரைண்ட் ஆயில் ஸ்பாட் என்பார்கள். லைனில் நல்ல பழமாகத் தேறியது அட்டைப்பெட்டிக்குள் போய்க் கெடும். அதனால்தான் தரப் பரிசோதகருக்கு இது தலைவலி. பழம் காய்ந்து தோல் தளரும்வரை பறிக்காமல் இருப்பதே வழி. பல நாள் 10, 11 மணிக்குத்தான் பறிப்பு தொடங்கும், சில நாள் தொடங்கவே தொடங்காது. ஆகவே அவருடைய ஷிப்டும் முன்னும் பின்னும் நகரும் என்று எதிர்பாருங்கள். கூலி வாங்கும் பறிப்பாளர்களுக்கு இது நேரடி வருமான இழப்பு. அந்த இழப்பைப் பார்த்து ஈரப் பழத்தைப் பறிக்கச் சொல்லும் அவசரம்தான் சரக்கைக் கெடுக்கிறது. பெட்டியில் எண்ணெய்ப் புள்ளி கண்டால், எந்தத் தோப்பு, எந்தக் காலை, எத்தனை மணிக்குப் பறித்தது என்று பின்னோக்கிப் பார்த்தால் காரணம் அகப்படும்.

அதே மூடுபனி பக்கத்துத் தோப்புக்கு வரம். செர்ரி, பிஸ்தா, பாதாம் மரங்கள் குளிர்காலத்தில் குறிப்பிட்ட மணி நேரம் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். கெர்மான் என்ற வகைப் பிஸ்தாவுக்கு 700 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் பட்டால் மொட்டு காற்றைவிடச் சூடாகிவிடும். மூடுபனி அந்த வெயிலை மறைக்கிறது. 2014–15 குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனது. ஆண் மரமும் பெண் மரமும் ஒத்துப் பூக்காமல் ஓட்டுக்குள் பருப்பில்லாத காய்கள் குவிந்தன, 2015இல் கலிஃபோர்னியாவின் பிஸ்தா விளைச்சல் முந்தைய ஆண்டின் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பால்டோச்சியும் எரிக் வாலரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய 32 குளிர்காலங்களில் மூடுபனி நாட்கள் 46 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. காற்று மாசு குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது, ஏனென்றால் திவலை உருவாக நுண்துகள் வேண்டும்.

துகள் என்றதும் சுவாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திவலையைப் பிடித்து வைக்கும் அதே மூடி புகையையும் பிடித்து வைக்கிறது. மாட்டுப் பண்ணைகளின் அம்மோனியாவும் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் ஆகின்றன. குளிர்கால நுண்துகளில் பெரும்பங்கு அதுதான். பிள்ளைகளில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் குளிர்காலத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி இன்ஹேலரைத் தயாராக வையுங்கள். வீட்டு ஹீட்டருக்கு, நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தர ஃபில்டர் போடுங்கள். வீட்டில் விறகு அடுப்பு இருந்தால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை எரிக்கலாமா கூடாதா என்று காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டம் நாள்தோறும் அறிவிக்கும். தடை நாளில் எரித்தால் அபராதம்.

வீட்டுக்குள் ஈரம். வெளியே நூறு சதவீத ஈரப்பதம், ஜன்னலைத் திறந்தால் வீடு நனையும் என்று எல்லோரும் அடைத்து வைக்கிறார்கள், சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. கணக்கு நேர்மாறானது. 5 டிகிரி செல்சியஸில் முழு ஈரமாக இருக்கும் காற்றை உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 37 சதவீதம்தான். பூஞ்சைக்குக் காரணம் மூடுபனி அல்ல, நம் சாதம் வடிக்கும் ஆவி, குளியல், வீட்டுக்குள் காயப்போட்ட துணி. சமைக்கும்போதும் குளித்தபின் அரை மணி நேரமும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். மதியம் காற்றின் தரம் சுமாராக இருக்கும் நேரம் பார்த்துப் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து மூடுங்கள். துணிக்கு ட்ரையர், அதன் குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். அலமாரியை வெளிச்சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பத்து நாள் தொடர்ந்து வெயில் காணாவிட்டால் மனம் சோர்வது இயல்பு. வைசேலியாவிலிருந்து 198ஆம் சாலையில் கிழக்கே மலையேறினால், செக்கோயா தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில், பல நாட்களில் அரை மணி, முக்கால் மணிக்குள் மூட்டத்தின் மேற்பரப்பைத் தாண்டிவிடலாம். கீழே 42 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நடுங்கும்போது மேலே 60இல் வெயில் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் வாருங்கள். இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். எந்த மலையிலிருந்து இறங்கினாலும் இந்த எச்சரிக்கை உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே வரும்போது டெஜோன் கணவாயில் நல்ல வெயில் இருக்கும், கிரேப்வைன் சரிவின் அடியில் நேராக வெள்ளைக்குள் நுழைவீர்கள். மேலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கில் பஞ்சு பரப்பினாற்போல் தெரியும். தெரிந்த அந்த நிமிடமே வேகத்தைக் குறைக்கத் தொடங்குங்கள்.

வீடு மாறும் நாளுக்கும் இதே விதிதான். லாரியை விடியற்காலையில் கிளப்பாதீர்கள். சான் ஹோசேயில் காலை 10 மணிக்குப் புறப்பட்டால் பச்சேகோ கணவாயை 11.30 வாக்கில் தாண்டி, லாஸ் பான்யோஸ் பக்கம் இறங்கும்போது மூட்டம் மேலே போயிருக்க வாய்ப்பு அதிகம். மதியம் 2, 2.30க்குள் வைசேலியா. ஜனவரியில் 5 மணிக்கெல்லாம் இருட்டும். அதற்குள் கட்டில், மெத்தை, சமையல் பெட்டி மூன்றை மட்டும் இறக்கிவிட்டு லாரியைப் பூட்டுங்கள். மிச்சத்தை மறுநாள் 11 மணிக்குமேல் இறக்கிக்கொள்ளலாம். ஆள்களையும் அந்த நேரத்துக்கே வரச் சொல்லுங்கள்.